கதவுக்குச் சாவி யார் கையில்?

"ஏம்மா, கதவு போடுறேன்னு சொல்றியே... சாவி யாரு கைல இருக்கும்?"

இன்ஜினீயரிங் சேர்ந்த மூணு வருஷத்தில் வைவா, ரிவ்யூ, லேப் என்று எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில் தெரியாவிட்டாலும், 'சார்... அது வந்து சார்...' என்று ரெண்டு நிமிஷம் ஓட்டத் தெரியும் எனக்கு. ஆனால், பழவேற்காட்டில் படகு விளிம்பில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா கேட்ட இந்தக் கேள்வியை ஓட்டக்கூட முடியலை!

என்ன கதவு, என்ன சாவி? சொல்றேன்.

ஆறாவது செமஸ்டரில் எங்களுக்கு மினி ப்ராஜெக்ட். வழக்கமாக எல்லோரும் கோடு பார்த்து ஓடுற ரோபோ செய்வார்கள், அல்லது தானாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் செடித்தொட்டி. (அந்தச் செடி ரிவ்யூ அன்னைக்குச் சரியா செத்துப்போயிருக்கும்.) எங்கள் டீமில் மூணு பேர். நான், எங்கள் வகுப்பின் 'பி.பி.டி. மன்னன்' ஒருத்தன், அப்புறம் அதிகம் பேசாத என் ஹாஸ்டல் தோழி. 'உலகத்தையே திருப்பிப் போடுற மாதிரி ஏதாவது பண்ணணும்டி' என்று மன்னன் ஒரே பில்டப். ரெண்டு ராத்திரி நெட்டில் மேய்ந்துவிட்டு அவன் பிடித்துக்கொண்டு வந்ததுதான் ஓத மின்சாரம்.

ஃபிரான்ஸில் ரான்ஸ் என்று ஓர் ஆறு. அது கடலில் சேரும் இடத்தில் குறுக்கே ஓர் அணை கட்டி, 24 டர்பைன்கள் வைத்து, 1966-ல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். 240 மெகாவாட்! நிலக்கரி வேண்டாம், புகை இல்லை. கடல் ஏறும்போது தண்ணீரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்து. கடல் இறங்கினதும் திறந்து விடு. தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகும். அவ்வளவுதான் விஷயம். நிலா இருக்கிற வரைக்கும் கரன்ட் என்று மன்னன் முதல் ஸ்லைடிலேயே எழுதிவிட்டான்.

நம்ம ஊரில் இதை எங்கே வைக்கலாம் என்று மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சென்னைக்கு வடக்கே கண்ணில் பட்டது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. முக்கால்வாசி ஆந்திராவில் இருக்கிறது. நம்ம பக்கம், ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் மணல் திட்டு. அதில் ஒரு சின்ன வாய். 'மச்சி, இதுக்கு அணையே வேண்டாம்... ஒரு கதவு போட்டா போதும்!' என்று கத்தினேன். ஆமாம், அந்தக் கதவு ஐடியா என்னுடையதுதான்.

கணக்கும் நான்தான் போட்டேன். நூறு சதுர கிலோமீட்டர் தண்ணீர், ஒரு மீட்டர் ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொண்டு ஃபார்முலாவில் போட்டால் சராசரியாக 22 மெகாவாட் வந்தது. துள்ளிக் குதித்தோம். கைடு சாரும், 'வெரி குட், ஃபீல்ட் விசிட் போட்டோ ரெண்டு சேர்த்துக்கோங்க' என்றார். ரிப்போர்ட்டை உட்கார்ந்து டைப் அடித்தது அந்தத் தோழி. அடித்து முடித்து, ஸ்பெல்லிங் திருத்தி, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசலை.

பொங்கல் லீவில் போட்டோ எடுக்கக் கிளம்பினோம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கேயிருந்து பஸ். 'எங்க அம்மா ஊரு அங்கதான். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம்' என்று தோழி சொன்னது பஸ் பாதி தூரம் போன பிறகுதான். எங்களுக்கு ஒரே குஷி. நண்டுக் குழம்பு கன்ஃபர்ம்!

பழவேற்காட்டில் முதல் ஒரு மணி நேரம் பக்கா டூரிஸ்ட் வேலைதான் பார்த்தோம். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம், வாசலிலேயே எலும்புக்கூடு சிற்பம் நிற்கும் டச்சுக் கல்லறை, தூரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைக் கூட்டம் என்று போனில் இடம் இல்லாமல் போகிற அளவுக்கு போட்டோ. அப்புறம்தான் தோழி தன் தாத்தாவிடம் கூட்டிப் போனாள். மன்னன் லேப்டாப்பைத் திறந்து, படகு மேலேயே வைத்து, ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டினான். தாத்தா வலையை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாவது ஸ்லைடில் கதவு வந்தது.

"சாவி யாரு கைல இருக்கும்?"

'கவர்ன்மென்ட் கைல இருக்கும் தாத்தா' என்றான் மன்னன். 'ஆட்டோமேட்டிக், சாவியே கிடையாது' என்றேன் நான். தாத்தா சிரித்தார். கேலியாகக்கூட இல்லை. சின்னப் பிள்ளைகள் மணல் வீடு கட்டுவதைப் பார்க்கிற சிரிப்பு.

"எறா எங்க முட்டை வுடும், தெரியுமா?"

தெரியாது. அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சுகள், தண்ணீர் ஏறும்போது முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான் என்பதால் வெயில் அடியில் வரை படும், தீனி கிடைக்கும், பெரிய மீன் தொல்லை குறைவு. கொஞ்ச மாதம் வளர்ந்து, தண்ணீர் வற்றும் ராத்திரிகளில் திரும்பக் கடலுக்கு ஓடும். அந்த ஓட்டத்தில்தான் இவர்கள் கழி நட்டு, வலை கட்டி, இறாலைப் பிடிக்கிறார்கள். உள்ளே வர ஒரு ஓட்டம், வெளியே போக ஒரு ஓட்டம். ரெண்டுக்கும் ஒரே வாசல். என் டிசைன்படி, உள்ளே வருகிற தண்ணீருக்குக் கதவு எப்போது திறக்கும் என்பதை கிரிட்டில் இருக்கும் கரன்ட் தேவை முடிவு செய்யும். வெளியே போகிற தண்ணீருக்கு டர்பைன் பிளேடு!

"இந்த வாயி வருஷத்துக்கு வருஷம் தூந்துபோவும்மா. கோடையில மணல் வந்து அடைச்சுக்கும். அடைச்சா உள்ள தண்ணி கொதிக்குற மாதிரி உப்பாயிடும். மழைக்கு வெள்ளம் வந்தா வெளிய போவ வழியில்லாம வூட்டுக்குள்ள வரும். நாங்களே வசூல் போட்டு வெட்டி வுடுவோம். தொறந்து வெக்கத்தான் நாங்க பாடு படுறோம். நீ சாத்தப் பாக்குற!"

'பாடு' என்று அவர் சொன்னது வெறும் கஷ்டம் இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. பழவேற்காட்டில் பாடு என்றால் ஏரியில் வலை கட்டுவதற்கான இடம், அந்த இடத்தில் நம் முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்க்குப்பம் மாதிரியான ஊர்களில் கல்யாணமான ஆணைத் தலைக்கட்டாகச் சேர்த்துக்கொண்டு, எந்த இடத்தில் யார், எந்த நாளில் யார் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடம்தான் ஜாக்பாட். அது ஒருத்தருக்கே போய்விடக் கூடாது என்றுதான் சுழற்சி. எங்கள் ஹாஸ்டல் பாத்ரூம் க்யூவுக்கே இப்படி ஒரு சிஸ்டம் இல்லை.

'சூப்பர் தாத்தா, பக்கா சோஷலிசம்!' என்று மன்னன் உணர்ச்சிவசப்பட்டான். அதைக் கேட்டுக்கொண்டே நண்டு கழுவிக்கொண்டிருந்த ஆயா, "ஆமா, பொம்பளைக்கு ஏது தலைக்கட்டு?" என்று ஒரே போடு. ஆயா சொன்னது சரிதான். பாடு எல்லோருக்கும் கிடையாது. சங்கதி பட்டினவர் ஊர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் பெண்களுக்குப் பாடும் இல்லை, படகும் இல்லை. ஆனால் அந்த அக்காக்களுக்கும் இறால் வருவது அதே வாசல் வழியாகத்தான். கதவைச் சாத்தினால் முதலில் காலியாவது அவர்கள் பறிதான் என்று எனக்குப் பட்டது.

அடுத்து தாத்தா செய்தது என் கணக்குக்கு வைத்த வெடி. ஏரிக்குள் கொஞ்ச தூரம் படகில் கூட்டிப் போய், நட்டு வைத்திருந்த ஒரு கழியைக் காட்டினார். ஈரம் ஏறின கோட்டுக்கும் இறங்கின கோட்டுக்கும் நடுவில் கையை வைத்தார். ஒரு சாண்.

"இவ்ளோதான் இங்க ஏறும், எறங்கும். நீ ஒரு ஆளு ஒசரம் போட்டிருக்க?"

ஆள் உயரம் இல்லை, ஒரு மீட்டர்தான் போட்டிருந்தேன். ஆனாலும் அந்த வெயிலில் எனக்கு வேர்த்தது வெயிலால் இல்லை. ஓத மின்சார ஃபார்முலாவில் உயரம் வர்க்கமாக வரும். உயரம் பாதியானால் மின்சாரம் கால்வாசி. ஒரு சாணை 20 சென்டிமீட்டர் என்று வைத்து வர்க்கம் பண்ணினால் 0.04. என்னுடைய 22 மெகாவாட், ஒரு மெகாவாட்டைக்கூடத் தொடாமல் படுத்துவிட்டது! ரான்ஸில் சராசரி ஏற்ற இறக்கமே 8 மீட்டர். எட்டை வர்க்கம் பண்ணிப் பாருங்கள், 64. நாம் கடலோரத்துக்கு நல்ல மனசோடு ஒரு மீட்டர் கொடுத்தாலும் அவர்கள் 64 மடங்கு மேலே. குஜராத்தின் கட்ச், காம்பே வளைகுடாக்களில்தான் நம் நாட்டில் அந்த மாதிரி உயரம் உண்டு. வாயை அகலமாக வெட்டினால் ஏரிக்குள்ளும் ஏறும்தான். ஆனால் அப்புறம் அது இந்த ஏரியாக இருக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தோழி பக்கத்தில் உட்கார்ந்தேன். 'ஏன்டி, டைப் அடிக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?'

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே. உங்க ரிப்போர்ட்ல எங்க ஊரு 'சைட்'னு இருந்துச்சு. எனக்கு ஃபர்ஸ்ட் செமஸ்டர் ஃபீஸ் கட்டினது அந்த வருஷ எறால்ல."

பொன்னேரி வர்ற வரைக்கும் யாரும் பேசலை. மன்னன்கூட!

ஹாஸ்டலுக்கு வந்ததும் எனக்குத் தூக்கம் வரலை. ரான்ஸ் பற்றி மறுபடி படித்தேன். முதல் தடவை படித்தபோது மெகாவாட்டை மட்டும் பார்த்திருக்கிறேன். கட்டுமானத்துக்காக 1963 முதல் 1966 வரை அந்த ஆற்று வாயை மொத்தமாக அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே உப்பு குறைந்து, சேறு படிந்து, கடல் உயிர்கள் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போயின. திறந்த பிறகு திரும்பி உயிர் வர சுமார் பத்து வருஷம் ஆனது. பத்து வருஷம் என்பது எழுத நல்லாத்தான் இருக்கு. ஒரு தலைக்கட்டுக்குப் பத்து வருஷம் என்றால், ஒரு பெண்ணோட ஒண்ணாங்கிளாஸில் இருந்து பத்தாங்கிளாஸ் வரை.

ஆனால் தென் கொரியாவில் கதை தலைகீழ். சிஹ்வாவில் 1994-ல் கடலை மறித்து 12 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுவர் கட்டி, நல்ல தண்ணீர் ஏரி ஆக்கப் பார்த்தார்கள். அது சாக்கடை ஆனதுதான் மிச்சம். அப்புறம் அந்தச் சுவரிலேயே ஓத மின் நிலையம் வைத்து 2011-ல் திறந்தார்கள். 254 மெகாவாட், ரான்ஸைவிடப் பெரியது. அதன் வழியாகக் கடல் தண்ணீர் மறுபடி உள்ளே போய் வர ஆரம்பித்தது. அங்கே டர்பைன் வந்ததுதான் வாசல் திறந்த மாதிரி. அதனால் மெஷின்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

நம் ஆட்களும் சும்மா இல்லை. கேரளாவின் விழிஞ்ஞத்தில் 1991-லேயே சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் அலையில் இருந்து மின்சாரம் எடுக்க 150 கிலோவாட் நிலையம் அமைத்தார்கள். தூத்துக்குடிக்கு அப்பால், ஆழ்கடல் குளிர்நீரை வைத்து மின்சாரம் எடுக்க 'சாகர் சக்தி' என்ற மிதவையை நம் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் கொண்டு போனது. நீளமான குளிர்நீர்க் குழாயைக் கடலில் இறக்குவதிலேயே திட்டம் சிக்கிக்கொண்டது. ஆனால் அந்த வித்தையில் பாதி வீணாகலை. 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் ஆழ்கடல் குளிர்நீரை வைத்தே தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்க ஆரம்பித்தார்கள். 2022 நவம்பரில் தூத்துக்குடி கடலில், கரையில் இருந்து ஆறு கிலோமீட்டரில், ஐ.ஐ.டி-யின் 'சிந்துஜா-1' மிதந்தபோது நான் ஸ்டேட்டஸ் போட்ட ஆள். இதில் எதுவும் யாருடைய வாசலிலும் கதவு போடலை. எங்கள் ப்ராஜெக்ட்தான் போட்டது.

தாத்தா சொன்ன இன்னொரு விஷயமும் மண்டைக்குள் ஓடியது. "கரன்ட்டுக்குன்னு சொல்லித்தான்மா எல்லாம் வருது." தெற்கே எண்ணூரில் 1,830 மெகாவாட்டுக்கு வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் ரெண்டு கட்டங்கள், அதற்கு நிலக்கரி இறக்க 2001-ல் திறந்த துறைமுகம், கொசஸ்தலை முகத்துவாரத்தில் சாம்பலும் சுடுதண்ணியும் என்று அந்தக் கதை எங்களுக்கு நியூஸ், இவர்களுக்குச் சொந்தக்காரங்க வீட்டுச் சங்கதி. அப்புறம் காட்டுப்பள்ளி துறைமுகத்தை 133 ஹெக்டேரில் இருந்து சுமார் 2,472 ஹெக்டேருக்கு விரிக்கும் அதானி குழுமத் திட்டம். கடலைத் தூர்ப்பதும் அதில் உண்டு. இந்தக் கரையில் மணல் தெற்கில் இருந்து வடக்காக நகரும். நடுவில் கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். வடக்கே இருப்பது பழவேற்காடு. 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப்போனது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில்கூட இவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. நாம் கை தட்டுகிற நாள், அங்கே அடுப்பு யோசிக்கிற நாள்.

சரி, ப்ராஜெக்ட்? மன்னன் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டான். 'நாப்பது ஸ்லைடு மச்சி... அனிமேஷனோட!' என்று புலம்பல் வேறு. கடைசியில் அவனே, 'அந்த ஒரு சாணை வெச்சுக்கிட்டு எப்படிடி வைவால நிக்கிறது' என்று வழிக்கு வந்தான். தலைப்பை மாற்றினோம். 'பழவேற்காடு முகத்துவாரத்தில் நீர்மட்ட மாறுபாடு: ஓர் அளவீடு.' கேட்கவே மொக்கையாக இருக்கிறதா? ரிவ்யூ பேனலுக்கும் அப்படித்தான் இருந்தது. 'இதுல இன்னோவேஷன் எங்கே?' என்று கேட்டார்கள். போன தலைப்புக்கு வெரி குட் வந்தது. இதுக்குப் பத்துக்கு ஆறு.

அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு என்று சிவப்பு, வெள்ளை பெயின்ட் அடித்த ரெண்டு கம்புகள் தயார் செய்தோம். ஒன்றை முகத்துவாரத்தில், ஒன்றை ஏரிக்குள். எங்கே நட்டால் வலைக்கும் படகுக்கும் இடைஞ்சல் இல்லை என்று இடம் காட்டினது தாத்தா. தோழியின் மாமா பையன் காலையும் மாலையும் கம்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். டீம் லீடர் இப்போது தோழிதான். அவள் என்னமாய்ப் பேசுகிறாள் தெரியுமா! நிறுத்தவே முடியலை.

அமாவாசைக்குக் கோடு ஏறுவது, பௌர்ணமிக்கு ஏறுவது, கடலில் ஏறின ரொம்ப நேரம் கழித்து ஏரிக்குள் மெதுவாக ஏறுவது என்று மூணு மாதத்தில் எங்கள் எக்ஸெல் ஷீட் ஒரு நாடித்துடிப்பு மாதிரி ஆகிவிட்டது. ஏப்ரலில் துடிப்பு சின்னதாக ஆரம்பித்தது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க ரெண்டு பக்கமும் கல் கொட்டிச் சுவர் கட்டும் திட்டத்துக்கு அரசு 27 கோடி ரூபாய்க்குப் பக்கம் ஒதுக்கியது. பறவைகள் சரணாலயம் என்பதால் அதற்கு வனத்துறை சம்மதமும் வேண்டியிருந்தது. அதையெல்லாம் ரிப்போர்ட்டில் சேர்த்தபோது தாத்தாவிடம் போனில் படித்துக் காட்டினோம். சுவர் எவ்வளவு நீளம், எந்தத் திசையில் சாய்ந்து இருக்கும் என்று மட்டும் கேட்டார். அதுதான் சரியான கேள்வி என்று எங்கள் கோஸ்டல் இன்ஜினீயரிங் புத்தகமும் சொல்கிறது.

மே மாதம், செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின நாள் வந்த போட்டோவில் முகத்துவாரக் கம்பைச் சுற்றித் தண்ணீரே இல்லை. காய்ந்த மணலில் நட்டுவைத்த மாதிரி நின்றது. பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

கூடவே தாத்தாவின் வாய்ஸ் மெசேஜ். "அளக்குறதுக்கு ஒண்ணும் இல்லம்மா, தூந்துபோச்சு. ஜே.சி.பி-க்கு வசூல் நடக்குது, தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு. நீங்க மூணு பேரும்தான் இங்க கம்பு நட்டுருக்கீங்களே... உங்க பேரையும் எழுதிக்கவா?"

ஆளுக்கு ஐந்நூறு அனுப்பினோம். மன்னன் முந்நூறுதான் போட்டான், மீதி என் கடன். ஆயாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, 'ரெண்டு பேரு பொம்பளைப் பிள்ளைங்க தலைக்கட்டு ஆயிட்டோம்' என்றாள் தோழி. அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பில் போன் ஸ்பீக்கரே கரகரத்தது.